விளிம்பைப் பாருங்கள்!

பரங்கிமலை ஏறுகிறவர்கள் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தைப் படம் பிடிக்கிறார்கள், தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள், இறங்கிவிடுகிறார்கள். காலடிக் கல்லை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. கேட்டால், "கருங்கல்தானே சார்" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வெந்த கல் அது!

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கண்டங்கள் மோதும்போது பூமியின் மேலோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடிக்கிறது. மேலே மலை எழும்பும். அடியில் மாட்டிய பாறை அழுத்தத்திலும் சூட்டிலும் வேகும். பழைய கனிமங்கள் கலைந்து புதியவை பிறக்கும். இதுதான் உருமாற்றப் பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மலை தேய்ந்து போக, அதன் வேர் வெளியே வருகிறது. நீங்கள் மிதிப்பது அந்த வேரை.

பல்லாவரம் பக்கம் புதிதாக உடைந்த கல் ஒன்றைக் கையில் எடுங்கள். எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் பச்சை கலந்த சாம்பல் நிறம். நீலம் பாரித்த குவார்ட்ஸ். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸில் பழுப்பு நிற ஹைப்பர்ஸ்தீன் தெரியும். நீர் அநேகமாக வற்றிய, கடும் சூட்டில் விளையும் கனிமம். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே ரகம். அதை 1893இல் ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட்தான் இந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார்.

எவ்வளவு ஆழம், எவ்வளவு சூடு என்பதைக் கனிமங்கள் சொல்லும். எப்போது என்பதைச் சிர்கான் என்ற கனிமம் சொல்லும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த மணி அது. உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அண்டவிடாது. ஆகவே பின்னால் உள்ளே காணும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியம் 238 பாதியாக 447 கோடி ஆண்டு, யுரேனியம் 235 பாதியாக 70 கோடி ஆண்டு. ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரம்; ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

இனிதான் விஷயமே. சிர்கானை வெட்டி மெருகேற்றி, எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிப் படமெடுத்தால் நடுவில் ஓர் உட்கரு, சுற்றிலும் ஒரு விளிம்பு. உட்கரு, மணி முதலில் பிறந்த காலம். விளிம்பு, அது பிறகு வெந்த காலம். இந்த இரண்டையும் குழப்புகிறவர் எவ்வளவு படித்திருந்தாலும் இன்னும் பாறையைப் பார்க்கத் தொடங்கவில்லை. முழு மணியையும் கரைத்து அளந்தால் இரண்டும் கலந்து நடுவாந்திரமாக ஒரு வயது வரும். அந்த ஆண்டில் பூமியில் ஒன்றுமே நடந்திருக்காது! அதனால்தான் ஒரு மணிக்குள்ளேயே சில பத்து மைக்ரான் அகலப் புள்ளியை மட்டும் தொட்டு அளக்கும் அயனிக் கருவிகளும் லேசர் கருவிகளும் வந்தன.

விளிம்பிலும் நுட்பம் உண்டு. உச்ச சூட்டில் பாறை கொஞ்சம் உருகினால் சிர்கானும் கரையும். ஆறும்போதுதான் மறுபடி வளரும். அப்படியானால் விளிம்பு சொல்வது கொதித்த நாளையா, ஆறிய நாளையா? பக்கத்தில் கார்னெட் வளர்ந்திருந்தால் யிட்டர்பியம் போன்ற கனமான அருமண் தனிமங்களை அது இழுத்துக்கொள்ளும். விளிம்பில் அவை குறைந்திருந்தால், இரண்டும் சேர்ந்து வளர்ந்தவை என்று பிடித்துவிடலாம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊட்டியையும் கொடைக்கானலையும் எடுங்கள். சுற்றுலாக்காரருக்கு இரண்டும் ஒன்று: குளிர், ஏரி, சாக்லேட். உட்கருவை மட்டும் பார்த்தாலும் கொடைக்கானல் பக்கத்துச் சில சார்னோகைட்கள் நீலகிரியைப் போலவே 250 கோடி ஆண்டைக் காட்டும். ஆனால் விளிம்பு பிரித்துவிடும். நீலகிரி வெந்தது 250 கோடி ஆண்டுகளுக்கு முன். பாலக்காடு–காவிரிக் கோட்டுக்குத் தெற்கே பழனிமலைப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடுமையாக வெந்தன. இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்டிகாவின் ஒரு பகுதியிலும் அதையொட்டிய வயதில் விளிம்புகள் கிடைக்கின்றன. கோண்ட்வானா கண்டம் ஒன்றுசேர்ந்தபோது எழுந்த மலைத்தொடரின் தடம் அது. இன்றைய கொடைக்கானலின் உயரம் அந்த மலையின் மிச்சமல்ல. அது வேறு கதை.

"உலகின் மிகப் பழமையான மலை" என்று தலைப்புப் போடுகிறவர்கள் எந்த வயதைச் சொல்கிறோம் என்று ஒருமுறையாவது கேட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் சிர்கான் 440 கோடி ஆண்டு என்பதோடு நின்றுவிடுவதும் மேம்போக்குதான். வயதில் போட்டி வைப்பது ரசனையாகாது. அதிர்ஷ்டக் கல் மோதிரம் விற்கிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். கன்னியாகுமரிக் கரையில் ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்புங்கள். சிவப்பு, கார்னெட். கறுப்பு, இல்மனைட். வெயிலில் வைரத்துளிபோல் மின்னும் பொடிகளில் சிர்கானும் இருக்கும். குமரி அம்மனின் நின்றுபோன கல்யாணத்துக்கு வைத்திருந்த, சமைக்காத அரிசியும் பருப்பும்தான் இந்த மணல் என்பார்கள். எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த மணிகளில் பலவற்றுக்கு விளிம்பு இருக்கிறது. மலையே அடுப்பாக இருந்த காலத்தில் நன்றாக வெந்தவை அவை.