மதிப்பெண்ணும் மொழித்திறனும்: அந்தமான் தமிழ் மாணவரின் உயர்கல்விச் சேர்க்கையை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. இவர்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் வழித் தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பத்தினரும் இவர்களுள் அடங்குவர். இக்குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் அந்தமான் இந்தியும் பேசிப் பள்ளியில் ஆங்கிலம் பயில்கின்றனர். மேற்படிப்பை நாடிக் கடல்கடந்து செல்வோர்க்கு அவர்தம் ஆங்கிலம் ஓர் எண்ணாகச் சுருக்கப்படுகிறது. அவ்வெண் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைத் தேர்வுகள்

தீவு மாணவர்க்கு அண்மையிலுள்ள நடுவண் பல்கலைக்கழகங்களுள் ஒன்று புதுவைப் பல்கலைக்கழகம். அதன் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் வழியாகச் சேர்க்கை நடைபெறத் தொடங்கியது. அத்தேர்வில் 13 மொழிகளுக்குத் தாள்கள் உண்டு. ஆங்கிலம் அவற்றுள் ஒன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடுவோரோ 1989இல் தொடங்கிய ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வையோ 1964இல் தொடங்கிய டோபல் தேர்வையோ எழுதுகின்றனர்.

இவ்விரு வகைகளும் நோக்கத்தால் வேறுபட்டவை. முன்னது மாணவரை ஒருவருக்குப்பின் ஒருவராக வரிசைப்படுத்துவது. பின்னது வரையறுத்த திறன்நிலைகளுள் ஒருவர் எந்நிலையில் நிற்கிறார் என்று கூறுவது. முன்னதில் படித்துணர்தல், சொல்லறிவு போன்றவை கொள்குறி வினாக்களால் மட்டுமே சோதிக்கப்படுகின்றன; கேட்டலும் பேசலும் எழுதுதலும் இடம்பெறவில்லை. பின்னதில் நான்கு திறன்களும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. எனவே முன்னதில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஒருவர் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டுக் குறிப்பெடுக்க வல்லவர் என்று கொள்வது, தேர்வு கூறாத ஒன்றை அதன்மேல் ஏற்றிக் கூறுவதாகும்.

ஊகத்தின் பங்கு

2025ஆம் ஆண்டுப் பொது நுழைவுத் தேர்வில் ஒரு தாளுக்கு 50 வினாக்கள். சரியான விடைக்கு 5 மதிப்பெண் கூடும். தவறான விடைக்கு 1 குறையும். ஒவ்வொரு வினாவிற்கும் நான்கு விடைகள் தரப்படுவதால், விடை அறியாது குறிப்பவர் நான்கில் ஒன்றில் வெல்வார் என எதிர்பார்க்கலாம். 30 வினாக்களுக்கு மட்டும் விடையறிந்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அஞ்சி எஞ்சிய 20 வினாக்களை விட்டுவிடுகிறார். அவர் பெறுவது 150. மற்றவர் 20 வினாக்களுக்கும் ஊகித்து விடை குறிக்கிறார். சராசரியாக 5 சரியாகவும் 15 தவறாகவும் அமைய, அவர் பெறுவது 160. இருவரின் ஆங்கில அறிவும் ஒன்றே. இடையிலுள்ள 10 மதிப்பெண் தேர்வு எழுதும் பழக்கத்தால் வந்தது. பல வேளைகளில் நடைபெறும் தேர்வுகளின் மதிப்பெண்கள் பின்னர்ச் சமன்செய்யப்படுகின்றன. எனினும் அம்முறை வினாத்தாள்களின் கடினவேறுபாட்டைக் களைவதற்கு உரியது. மாணவரின் துணிவையும் தயக்கத்தையும் அது பிரித்தறிவதில்லை. பயிற்சி நிலையங்களின் துணை வாய்க்காத சிறு தீவுகளின் மாணவர்க்கு இது சிறு செய்தியன்று.

சராசரி மறைப்பவை

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நான்கு பகுதிகளின் சராசரி அரைப்புள்ளி அளவிற்கு முழுமையாக்கப்படுகிறது. கேட்டலில் 6.5, படித்தலில் 6.5, எழுதுதலில் 5.0, பேசலில் 7.0 பெற்றவரின் சராசரி 6.25, அது 6.5 ஆக உயர்த்தப்படும். கேட்டலில் 6.5உம் பிற மூன்றிலும் 6.0உம் பெற்றவரின் சராசரி 6.125, அது 6.0 ஆகக் குறைக்கப்படும். 6.5 என்னும் ஒட்டுமொத்தத் தகுதிக்கோட்டை மட்டும் நோக்கும் நிறுவனம் முன்னவரை ஏற்கும், பின்னவரை விலக்கும். ஆனால் ஆய்வேடு எழுதவேண்டிய படிப்பில் இடர்ப்படக்கூடியவர் முன்னவரே. பகுதிதோறும் குறைந்த அளவை வரையறுக்கும் பல்கலைக்கழகங்கள் இக்குறையை ஓரளவு தவிர்க்கின்றன.

எந்த அளவீட்டிலும் பிழை உண்டு என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. இத்தேர்வின் கேட்டல், படித்தல் பகுதிகளில் அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 0.4 என்று தேர்வினை நடத்துவோரே வெளியிட்டுள்ளனர். ஒட்டுமொத்த மதிப்பெண்ணில் பிழை இதனினும் சிறிது. ஆயினும் மேற்கண்ட இருவரையும் பிரிக்கும் 0.125 அதனினும் சிறிது. அளவுகோலும் நிலையானதன்று. டோபல் இணையவழித் தேர்வு 2005 முதல் 120 புள்ளிகளைக் கொண்டிருந்தது. 2026 சனவரி முதல் 1 முதல் 6 வரையிலான அளவுகோல் அதற்கு வகுக்கப்பட்டது. அளவுகோலைக் கூறாமல் எண்ணை மட்டும் கூறுதல் பொருளற்றது.

மதிப்பெண்ணும் கல்வி வெற்றியும்

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் முன்னோடியான ஈ.எல்.டி.எஸ். தேர்வை ஆராய்ந்து கிளைவ் கிரைப்பரும் ஆலன் டேவீசும் 1988இல் வெளியிட்ட அறிக்கையில், மொழித்தேர்வு மதிப்பெண்ணுக்கும் படிப்பில் பெறும் வெற்றிக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.3 எனக் கண்டனர். இதன் வர்க்கம் 0.09. அதாவது, மாணவரிடையே காணும் வெற்றி வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்களவே மொழித்தேர்வால் விளக்கப்படுகிறது. இதனைக் கொண்டு ஆங்கிலம் வேண்டாவென முடிவு கட்டுதல் பொருந்தாது. குறைந்த மதிப்பெண் பெற்றோர் சேர்க்கப்படாமையால் அவர்கள் கணக்கில் வருவதில்லை; அதனாலும் கெழு குறைந்து தோன்றும். எனினும் பாட அறிவும் உழைப்பும் பொருள்வசதியும் எஞ்சிய பங்கில் அடங்கியிருத்தலை மறுக்க இயலாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், மதிப்பெண் பொய்யன்று என்பதும் முழு உண்மையும் அன்று என்பதும் பெறப்படும். அதனைப் பகுதிபகுதியாகவும், பிழையின் எல்லைக்குள்ளும், சேரும் படிப்பின் தேவையோடு பொருத்தியும் படித்தல் வேண்டும். எழுதுதலில் 5.0 என்பது அம்மாணவர்க்கு எழுத்துப்பயிற்சி தேவை என்று பல்கலைக்கழகத்திற்குக் கூறும் செய்தி. சேர்ந்தபின் அப்பயிற்சியை அளித்தல் அதன் கடமை. மாணவரும் மீண்டும் கட்டணம் செலுத்துமுன், தம் பட்டியலில் எத்திறன் தாழ்ந்துள்ளது என்று காணுதல் நன்று. சென்னையை அடைய ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல் கடக்கும் தீவு மாணவர்க்கு, ஓர் அரைப்புள்ளியின் பொருளைச் சரியாக உணர்ந்தவர்கள் சேர்க்கைக்குழுவில் இருப்பது சலுகையன்று; நீதியேயாகும்.