‘எளிய மனிதர்’ என்னும் சோம்பல் சொல்

பெருமாள்முருகனின் நாவல்களுக்கு எழுதப்படும் மதிப்புரைகளில் ‘எளிய மனிதர்களின் வாழ்க்கை’ என்ற தொடர் தப்பாமல் வந்துவிடுகிறது. ஆய்வரங்கமென்றால் அது ‘விளிம்புநிலை மக்கள்’ ஆகும், மேடையென்றால் ‘சாமானியர்’. யாருக்கு முன்னால் எளியவர், எந்த மையத்துக்கு விளிம்பு என்று கேட்டால் மூன்றுமே வாய் திறப்பதில்லை. திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரத்தையே தொடர்ந்து எழுதிவந்த ஒருவரை மதிப்பிட இச்சொற்கள் போதுமா? அந்நாவல்கள் தம் மாந்தரை எப்படி அழைக்கின்றன என்பதை வைத்தே இதைச் சோதித்துவிடலாம்.

2000இல் வெளிவந்த ‘கூளமாதாரி’யை முதலில் எடுத்துக்கொள்வோம். பண்ணயத்தில் விடப்பட்டு ஆடு மேய்க்கும் சிறுவனின் பெயர் கூளையன். உடன் மேய்ப்பவர்கள் நெடும்பன், செவிடி முதலானோர். குட்டையானவன், உயரமானவன், காது கேளாதவள் என்று உடம்பைப் பார்த்து வைத்த பெயர்கள். பண்ணயக்காரர் மகனுக்கோ செல்வன் என்று பெயர். உடைமை இல்லாதவர்களுக்கு உடம்பு பெயராகிறது. உடைமை உள்ளவனுக்கு உடைமையே பெயராகிறது. நாவலின் சமூக அமைப்பு முழுவதும் இந்தப் பெயரீட்டிலேயே அடங்கியிருக்கிறது. தலைப்போ இன்னும் துல்லியம்: உடற்குறிப்போடு சாதிப்பெயரைச் சேர்த்து அட்டையிலேயே வைத்துவிடுகிறது.

கி. ராஜநாராயணனின் கரிசல் உலகத்திலும் பட்டப்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே பட்டப்பெயர் பெரும்பாலும் ஊர் கூடிச் செய்யும் விளையாட்டு; அதைச் சுமப்பவருக்கு வேறொரு பெயர், வீடு, வம்சம் எல்லாம் இருக்கும். கூளையனுக்கு அந்த மாற்று கிடையாது. கொங்கு நாவலின் முன்னோடியான ஆர். சண்முகசுந்தரமும் ‘நாகம்மா’ளில் (1942) வட்டாரப் பேச்சை அச்சேற்றிப் பெரும் துணிவு காட்டினார்; எனினும் அவருடைய பார்வை நிலமுள்ள குடும்பத்தின் வாசலைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. காட்டில் வேலை செய்கிறவர்கள் அங்கே பின்னணி. ‘கூளமாதாரி’யில் கதையே அவர்களுடையது.

இவ்வளவு சொன்னபின் குறையையும் சொல்ல வேண்டும். நடுப்பகுதியில் மேய்ச்சல், பனை, விளையாட்டு, தின்பண்டம் எனத் தகவல் குவிகிறது. ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யைத் தொகுத்தவரின் கை அங்கே நாவலாசிரியரின் கையை மீறுகிறது. சொல் அரியது என்பதற்காகவே சில காட்சிகள் நீள்கின்றனவோ என்ற ஐயம் எழுகிறது. வேளாண் குடும்பத்தில் பிறந்த ஒருவர் மாதாரிச் சிறுவனின் அகத்தை எழுதுவதில் உள்ள இடைவெளியும் முற்றாக மறையவில்லை; கூளையன் சிந்திக்காத சிலவற்றைக் கதைசொல்லி அவனுக்காகச் சிந்தித்துவிடுகிறார். ஆனால் கூளையனும் செல்வனும் தோழர்களாக விளையாடும் பகுதிகளில் இந்த இடைவெளி தெரிவதில்லை. இறுதியில் கிணற்றுக்குள் நிகழும் வன்முறை திடீரெனத் திணிக்கப்பட்டதாகத் தோன்றாததற்கு அந்தத் தோழமையே காரணம்.

‘எளிய மனிதர்’ என்ற சொல் இந்நாவலுக்கு இழைக்கும் தீங்கு இப்போது புலப்படும். ‘மாதாரி’ என்பதில் இழிவு ஏறியிருக்கிறது. அதே மக்களைக் குறிக்கும் ‘அருந்ததியர்’ என்பதில் உரிமை ஏறியிருக்கிறது. 2009இல் தமிழ்நாடு அரசு மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது இரண்டாவது பெயருக்கே. ‘எளிய மனிதர்’ என்னும்போது இழிவும் போகிறது, உரிமையும் போகிறது. மிஞ்சுவது வாசகரின் இரக்கம் மட்டும்.

இதே ஆசிரியர் முன்பே எழுதிய ‘நிழல்முற்றம்’ (1993) அளவில் சிறியது. திரையரங்கில் சோடா விற்கும் பையன்களின் பேச்சில் பூச்சு இல்லை. அதுவே அதன் பலம். ஆனால் அந்தப் பேச்சு எல்லார் வாயிலும் ஒரே வேகத்தில் வருவதால் சத்திவேலைத் தவிர்த்த மற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கலங்கிப்போகிறார்கள். அரங்கின் புழுக்கம் கிடைக்கிறது, ஆட்கள் அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலைச் சுற்றி எழுந்த சர்ச்சையில் வேறொரு சொல் முன்னுக்கு வந்தது: ‘ஊர்மக்கள்’. அவர்கள் மனம் புண்பட்டதாகச் சொல்லப்பட்டு 2015 ஜனவரியில் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலின் பக்கம் நின்றது. தீர்ப்பைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்தச் சொல்லைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை. கொங்கு வழக்கில் ‘ஊர்’ வேறு, மாதாரிகள் குடியிருக்கும் ‘வளவு’ வேறு. ‘ஊர்மக்கள்’ என்னும்போது வளவில் இருப்பவர்களும் அதில் எண்ணப்பட்டார்களா? கூளையனின் அப்பனிடம் யாராவது கேட்டிருப்பார்களா?

அந்த நெருக்கடிக்குப் பிறகு வந்த ‘பூனாச்சி’யில் (2016) மனிதர்கள் கிழவன், கிழவி என்று சுருங்குகிறார்கள்; பெயர் ஆட்டுக்குத்தான். குட்டியின் காதைக் குத்திக் கணக்கில் ஏற்றும் அரசு பற்றிய எள்ளல் கூர்மையானது. பெயரில்லாமை இங்கே தற்காப்பு என்பதையும் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் இலக்கியக் கணக்கில் இது இழப்பே. கிழவன் எந்த மேட்டாங்காட்டிலும் இருக்கலாம் என்று ஆனதும், அவன் யாரிடம் கைகட்டி நிற்கிறான், யாரை ‘டேய்’ என்கிறான் என்பது மங்கிவிடுகிறது. உருவகம் தெளிவானது, உறவுகள் வெளிறின.

ஆகவே, பெயரீட்டை அளவுகோலாகக் கொண்டால் ‘கூளமாதாரி’யே முதலிடம் பெறும். அமைப்பில் அதைவிட இறுக்கமான நாவல்களை இதே ஆசிரியர் எழுதியிருக்கிறார். ‘மாதொருபாக’னின் கட்டுக்கோப்பு அதில் இல்லை. ஆயினும் ஓர் ஆளை அழைக்கும் சொல்லிலேயே அவன் கூலி, கடன், சாதி, உடம்பு அனைத்தையும் ஏற்றிவைத்த வேறொரு நாவலை அவர் இன்னும் எழுதவில்லை. அடுத்த மதிப்புரையாளர் ‘எளிய மனிதர்’ என்று தொடங்கும்முன், ‘கூளமாதாரி’யின் முதல் அத்தியாயத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கட்டும்.