சிறுத்தைப் புள்ளிச் சட்டைக்காரி

'ரிப்ளை 1988' என்ற கொரியத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நாயகி டொக்ஸுனுக்கு டேக்கா ஜங்ஹ்வானா என்று இன்றைக்கும் சண்டைதான். தொடர் முடிந்தது 2016 ஜனவரியில். தீர்ப்பும் அப்போதே வந்துவிட்டது. ஆனாலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இரண்டு கல்லூரிப் பெண்கள் அந்த வழக்கை மறுபடி எடுத்து, காவிரிப் பாலம் முடியும்வரை வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். ஜங்ஹ்வான் கட்சி ஜெயிக்கவும் போவதில்லை, விடவும் போவதில்லை. எனக்கு அந்த வழக்கில் அக்கறை கிடையாது. டொக்ஸுன் யாரைக் கட்டிக்கொண்டால் என்ன? அந்தத் தொடர் ரா மிரானுடையது.

ஜங்ஹ்வானின் அம்மா. தெருவிலேயே பணக்காரி. மூத்த பிள்ளை வாங்கிய ஒலிம்பிக் லாட்டரி விழுந்து வந்த பணம். அதனால்தான் அந்தச் சிறுத்தைப் புள்ளிச் சட்டை. கையில் காசு வந்தும் எதை வாங்குவது என்று யாரும் சொல்லித்தராத ஒருத்தி போடுகிற சட்டை அது. ஆடை வடிவமைப்பாளர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. ஊரைச் சிரிக்கவைக்கும் புருஷன் வீட்டில் என்ன கோமாளித்தனம் செய்தாலும் இவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. வேறு நடிகையாக இருந்தால் 'கடுகடுப்பான மனைவி' என்று ஒரு முகத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டிருப்பார். ரா மிரான் முகத்தில் எதையும் வைப்பதில்லை. கேட்கிறாள், ஒரு விநாடி விடுகிறாள், போகிறாள். அந்த ஒரு விநாடிதான் அவருடைய வித்தை.

மேடை நாடகத்திலிருந்து வந்தவர். பார்க் சான்-வூக்கின் 'லேடி வெஞ்சன்ஸ்' (2005) படத்தில் சிறு வேடத்தில் எட்டிப் பார்த்து, பல வருஷம் ஓரமாகவே நின்று, 'ஹானஸ்ட் கேண்டிடேட்' படத்துக்கு ப்ளூ டிராகன் விருதில் சிறந்த நடிகை என்று பெயர் வாங்கியது 2021-இல்தான். நகைச்சுவைப் படத்துக்கு அந்த விருது கிடைப்பது அபூர்வம்.

ஜங்ஹ்வான் வீட்டின் தரைக்குக் கீழே பாதி புதைந்த பகுதியில் டொக்ஸுன் குடும்பம் குடித்தனம் இருக்கிறது. மேலே சொந்தக்காரி, கீழே வாடகைக்காரி. ஸ்ரீரங்கத்தில் ஒண்டுக் குடித்தனத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் நெளிவுசுளிவுகளை யாரும் சொல்ல வேண்டாம். ஒருநாள் கீழ்வீட்டுக்காரி கைமாத்து கேட்க மேலே வருகிறாள். கேட்க வாய் வரவில்லை. எதையெதையோ பேசிவிட்டு எழுந்திருக்கிறாள். ரா மிரான் ஒன்றும் கேட்பதில்லை; தின்பதற்கு ஏதோ ஒரு கூடையில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அடியில் பணம். இந்தக் காட்சியில் பின்னணி இசை பொங்கியிருக்கலாம். கொடுத்தவளுக்கு ஒரு நெருக்கக் காட்சி வைத்திருக்கலாம். ஒன்றும் கிடையாது. கூடையை நீட்டும்போது அவள் முகத்தைப் பாருங்கள்: கருணை என்கிற பாவம் மருந்துக்கும் இல்லை. வந்தவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்கிற கவனம் மட்டும் இருக்கிறது. கடன் கொடுக்கிற நாகரிகத்தை இதைவிடச் சரியாகத் திரையில் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. அவள் சில நாள் ஊருக்குப் போகிறாள். வீட்டு ஆண்கள் மூவரும் வீட்டை நாறடித்து, கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் துடைத்துப் பெருக்கி வைத்துவிடுகிறார்கள். திரும்பி வந்தவள் பளிச்சென்ற வீட்டைப் பார்த்து வாடிப்போகிறாள். தான் இல்லாமலேயே இந்த வீடு நடக்கிறதா? விஷயம் புரிகிற ஒரே ஆள் சின்னவன். அதற்குப் பிறகு வரிசையாக எதையாவது கொட்டி, உடைத்து, காணோம் என்று கத்தி, மூன்று ஆண்களும் கையாலாகாதவர்கள் ஆகிறார்கள். அவள் திட்டிக்கொண்டே ஓடிவருகிறாள், முகம் மலர்ந்துவிடுகிறது. பெண்ணியப் பார்வையில் இதில் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு என்று என் அண்ணன் மகள் சொல்கிறாள். உண்டுதான். ஆனால் அந்தக் கேள்வியை எழுப்புகிற அளவுக்கு ஒரு அடுப்படியை உண்மையாகக் காட்டியிருக்கிறார்களே, அதைச் சொல்கிறேன்.

கடவுச்சீட்டு விவகாரத்தில், தனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பதை மகனிடம் ஒப்புக்கொள்கிற இடத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் அதைத் தொடப்போவதில்லை. அதில் அவர் அழவில்லை என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

இயக்குநர் ஷின் வோன்-ஹோவும் எழுத்தாளர் இ வூ-ஜங்கும் தொலைக்காட்சிக் கேளிக்கை நிகழ்ச்சிகளில் தொழில் பழகியவர்கள். எந்தச் சிரிப்பை எந்த இடத்தில் நறுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு அங்கே வந்த பழக்கம். பெற்றோர் பாத்திரங்களுக்கு நடிகர்களின் சொந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள், ரா மிரான் உள்பட. 20 பகுதி. சியோலின் சாங்முன்-டோங்கில் ஒரு சந்து, ஐந்து வீடு. முதல் பகுதியிலேயே ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகள் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வீடு ஓடுகிறார்கள்; கொடுத்த வீட்டிலிருந்து வேறொன்று வருகிறது, அது இன்னொரு வீட்டுக்குப் போகிறது. காரடையான் நோன்பன்று உத்தர வீதியில் அடை போட்டு அனுப்பிய பாத்திரம் வெறுமனே திரும்பி வராது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சியில் துணைத்தலைப்பு அதிகப்படி.

இதை யாருக்காக எடுத்தார்கள்? அப்படி வளர்ந்த கொரியர்களுக்காக. எங்களுக்காக இல்லை. இந்த ஊறுகாய் எங்கள் பண்பாடு, இந்தக் கரி அடுப்பு எங்கள் பாரம்பரியம் என்று யாரும் நின்று விளக்குவதில்லை. கரிக்கட்டி அடுப்பின் புகை வீட்டுக்குள் பரவிய ராத்திரி அப்பாவும் அம்மாவும் மூத்தவளையும் கடைக்குட்டியையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓட, நடுப்பெண் தானாகத் தவழ்ந்து வருகிறாள். கரி அடுப்பைப் பற்றி இதற்குமேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்? வெளியாளை மறந்துவிட்டு எடுத்ததால்தான் வெளியாளுக்கு அந்தச் சந்து இத்தனை நெருக்கமாக இருக்கிறது என்பது என் கட்சி.

எங்கள் ஊருக்கு நேர்ந்ததையும் பார்க்கலாம். தமிழ்த் தொடரில் ஸ்ரீரங்கம் என்றால் ட்ரோன் மேலே ஏறும். 236 அடி ராஜகோபுரம் வரும். கொஞ்சம் காவிரி, ஒரு நாதஸ்வரத் துணுக்கு. அடுத்த வெட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஏதோ ஒரு பங்களாவுக்குள் பூஜையறை. அந்தக் கோபுரம் 13 நிலையும் முடிந்து குடமுழுக்குக் கண்டது 1987-இல். அதற்கு முன்னால் பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரம் என்ற பெயரோடுதான் நின்றது. 1988-இல் நடக்கிற ஒரு ஸ்ரீரங்கத்துக் கதையில் அந்தப் புதுக் கோபுரம் தெருக்காரர்களுக்கே இன்னும் பழகாத அதிசயமாக இருந்திருக்கும். அப்படி யாராவது எடுத்திருக்கிறார்களா?

பிறகு மடிசார். தொடரில் ஐயங்கார் மாமி என்று சொல்லி, தலைப்பை வலது தோளில் போட்டு அனுப்பிவிடுவார்கள். அது ஐயர் கட்டு. எங்கள் தெருவில் கதையை அதோடு யாரும் பார்க்கமாட்டார்கள். "அய்யய்யோ, கட்டைப் பாருங்கோ" என்பதிலேயே அரை மணி ஓடிவிடும். 2015-இல் கலைஞர் தொலைக்காட்சியில் மு. கருணாநிதி 90 வயதைத் தாண்டி வசனம் எழுதிய 'இராமானுஜர்' வந்தபோதும் எனக்குத் தெரிந்த வீடுகளில் முதலில் பரிசீலனைக்கு வந்தது திருமண்தான், வசனம் அப்புறம். இந்தக் குற்றம் காணும் கண்ணைக் கேலி செய்வது சுலபம். நான் செய்யமாட்டேன். தன் வீட்டைத் திரையில் பார்க்கிறவனுக்கு முதலில் தெரிவது இடம் மாறியிருக்கும் ஆணிதான்.

சுஜாதா இதைச் சரியாகச் செய்தார். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' முழுக்க கோபுரத்தை அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. கீழச்சித்திரை வீதி, ரங்கு கடை, கிரிக்கெட், யாருக்கு யார்மீது கண் என்கிற கவலை. அதுவும் ஒரு சாங்முன்-டோங்தான்.

சரி, கொரியர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் காட்டுகிறார்களா என்றால், அடுத்தவன் வீட்டுக்குள் போனால் அவர்களும் நம்மவர்கள் மாதிரிதான். 'கிங் தி லேண்ட்' தொடரில் அரபு இளவரசனைக் குடிகாரனாகவும் பெண் பித்தனாகவும் காட்டி, அரபு நாட்டுப் பார்வையாளர்கள் கொதித்து, 2023 ஜூலையில் தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த இளவரசன் வேடத்தில் நடித்தவர் டெல்லிக்காரர் அனுபம் திரிபாதி. 'ஸ்க்விட் கேம்'மில் பாகிஸ்தான் தொழிலாளி அலியாக வந்தவரும் அவரே. அலி நல்லவன், அப்பாவி, நம்பி ஏமாறுகிறவன். எல்லோரும் அவனுக்காக அழுதார்கள், நானும்தான். ஆனால் அந்தச் சந்தில் ரா மிரானுக்குக் கிடைத்த எரிச்சலும் அற்பத்தனமும் பகட்டும் அலிக்குக் கிடைக்கவில்லை. நல்லவனாகவே இருந்து செத்துப்போகிறான். வெளியூர்க்காரனுக்கு நம் கதைகளில் கிடைக்கிற இடமும் அதுதானே.

டப்பிங் சண்டைக்கு வருகிறேன். புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ் பேச வைத்ததால்தான் 2014 வாக்கில் இந்தப் பைத்தியம் இங்கே வீடுகளுக்குள் வந்தது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் நான் மூலக் குரல் கட்சி. ரா மிரானின் குரல் ஏற்ற இறக்கமில்லாத, கொஞ்சம் சலித்த குரல். நம் டப்பிங் அறையில் அம்மா என்றால் ஒரு தழுதழுப்பைத் தயாராக வைத்திருப்பார்கள். அதைக் கொண்டுபோய் இவள்மேல் ஒட்டினால் மிஞ்சுவது சட்டை மட்டும்தான்.

புரியாத மொழியில் எப்படிப் பார்ப்பது என்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1987-88-இல் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷன் 'ராமாயண்' இந்தியில் வந்தபோது, டிவி இருந்த வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. இந்தி தெரிந்தவர் ஒருவரோ இருவரோ. துணைத்தலைப்பும் கிடையாது. யாரும் எழுந்து போகவில்லை. கதை தெரியுமே என்பீர்கள். ரா மிரான் கதையும் எனக்குத் தெரியும். கூடை கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 'மகாபாரத்' தொடங்கியது 1988 அக்டோபர் 2. அன்றுதான் சியோல் ஒலிம்பிக்ஸும் முடிந்தது. அதில் இந்தியாவுக்கு ஒரு வெண்கலம்கூட இல்லை. டொக்ஸுன் மடகாஸ்கர் பெயர்ப் பலகையைத் தூக்கப் பயிற்சி எடுத்து, அந்த நாடு வராமலே போய், அழுது, கடைசியில் உகாண்டாவின் பலகையோடு அணிவகுப்பில் நடந்த அதே ஒலிம்பிக்ஸ்.

சரித்திரத் தொடர் ரசிகர்களோடு எனக்குத் தகராறு இல்லை. 'தே ஜாங் கும்' 54 பகுதியையும் மரியாதையோடு பார்த்தேன். அரண்மனைச் சமையற்கட்டுக்கு அது போதும். 'மை மிஸ்டர்' பெரிய படைப்பு என்பதையும் மறுக்கவில்லை, ஆனால் அது தன் சோகத்தைத் தானே ரசிக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். திருவெறும்பூர் நண்பர் இதற்காக என்னோடு கொஞ்ச காலம் பேசவில்லை.

என் வருத்தம் வேறு. இந்த மாதிரி எடுக்க இப்போது அங்கேயும் ஆள் குறைகிறது. உலகச் சந்தைக்கென்று ஆனபின் எட்டுப் பகுதி, பன்னிரண்டு பகுதி, முதல் பத்து நிமிடத்தில் ஒரு பிணம். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வீடு ஓட அவகாசமில்லை. சோறு வந்தால்கூடப் பொட்டலத்தின் பெயர் தெரிகிற கோணத்தில்தான் வருகிறது. நம் பக்கம் கேட்கவே வேண்டாம். 'மெட்டி ஒலி'யில் (2002-2005) டெல்லி குமார் ஐந்து பெண்ணைப் பெற்ற அப்பாவாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்தபோது இந்த ரகத்தில் ஏதோ ஒன்று நம்மிடமும் இருந்தது. இன்றைய தொடரில் அடுப்படி என்பது பாயசத்தில் விஷம் கலக்குமிடம். யாரும் பாத்திரம் தேய்ப்பதில்லை.

பார்க்கிறவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. என் மருமான் எதையும் ஒன்றரை வேகத்தில் பார்க்கிறான். 'ரிப்ளை'யின் ஒரு பகுதி ஒன்றரை மணி நேரம் போகும், யாரால் முடியும் என்கிறான். அந்த வேகத்தில் ரா மிரான் விடுகிற ஒரு விநாடி இல்லாமலே போகிறது. எல்லோரும் சாதாரணமாகத் திட்டிக்கொள்கிற ஒரு குடும்பம் மிச்சம். அவனுக்குத் தொடர் "பரவாயில்லை"யாம்.

வடக்கு உத்தர வீதி மாமி ஒருவர், எழுபதைத் தாண்டியவர், பேத்தியின் தயவில் ஒழுங்கான வேகத்தில் 20 பகுதியையும் முடித்தார். பன்றிக் கறி வறுக்கிற காட்சிகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கடைசியில் யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதில் அவருக்கும் அக்கறையில்லை. "அந்தப் புள்ளிச் சட்டைக்காரி வேற எதுலயாவது வராளா?" என்று கேட்டார். 2023-இல் வந்த 'குட் பேட் மதர்' பெயரைச் சொன்னேன். பன்றிப் பண்ணை வைத்துப் பிழைக்கிற அம்மா என்று சொல்லவில்லை, சொன்னால் தொடமாட்டார். பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "பன்னியை விடு, கண்ணை மூடிண்டுடலாம். இதுல அவளை ரொம்ப அழவிட்டுட்டா. அவளுக்கு அழுகை வேண்டாம்னு அவாளுக்கு யாராவது எழுதிப் போடப்படாதோ?"