பதில் எழுதினார், பதில் சொன்னாரா?

1820ஆம் ஆண்டில் மட்டும் தமக்கு எத்தனை கடிதங்கள் வந்தன என்று தாமஸ் ஜெபர்சன் பிற்பாடு எண்ணிப் பார்த்தார். 1,267. நாளுக்கு மூன்றரை வீதம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியை 1809இல் விட்டுவிட்டு வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ குன்றின் மேலிருந்த தம் வீட்டோடு ஒதுங்கியவருக்கு இத்தனை கடிதங்கள். 1822இல் இந்தக் கணக்கை, தமக்கு முன் அந்தப் பதவியில் இருந்த ஜான் ஆடம்ஸுக்கு எழுதும்போது, இதுவும் ஒரு வாழ்க்கையா என்று அலுத்துக்கொண்டு, ஆலையைச் சுற்றிவரும் குதிரையோடு தம்மை ஒப்பிட்டார். நாம் செக்குமாடு என்போம். முட்டைக்கோஸின் பிழைப்பே இதைவிடச் சொர்க்கம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அலுத்துக்கொண்டாரே தவிர, நிறுத்தவில்லை. வந்த கடிதம் எதுவானாலும் மதித்துப் பதில் போடவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதை அமெரிக்கக் குடியரசின் பண்பாட்டுக்கே அடையாளமாகக் காட்டிப் புகழ்கிறவர்கள் உண்டு. புகழ்ச்சியில் பாதி நியாயம்தான். மீதிப் பாதியைத்தான் கொஞ்சம் கிளறவேண்டும்.

கடிதங்கள் ஏன் இப்படிக் குவிந்தன? அன்றைய வழக்கப்படி அஞ்சல் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுகிறவர்தான் கட்டினார். தாளின் எண்ணிக்கையும் தூரமும் கூடக்கூடக் கட்டணமும் கூடும். ஜெபர்சனுக்கோ 1809இலேயே நாடாளுமன்றம் கட்டண விலக்கு அளித்துவிட்டது. ஆக, எழுதுகிறவருக்கும் செலவில்லை, வாங்குகிறவருக்கும் செலவில்லை. வாசலில் காவலே இல்லாத வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிபாரிசு கேட்டு வரப்போகிறவர்களை அவர் முன்கூட்டியே ஊகித்திருந்தார். புதிய தலைவர் மேடிசன் தம் நண்பர் என்பதால் வேலை கேட்போர் தம்மைத் தேடி வருவார்கள், அதற்குத் தாம் இடம் கொடுப்பதற்கில்லை என்று ஒரு சுற்றறிக்கையை அச்சடித்தே வைத்துக்கொண்டார். சிபாரிசு கேட்டவர்களுக்கு அச்சடித்த தாள் போதும். நூலை அனுப்பி அபிப்பிராயம் கேட்டவர், மதத்தைப் பற்றிக் கேட்டவர், பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டுப் புத்திமதி கேட்ட தகப்பன், இவர்களுக்கெல்லாம் தம் கையாலேயே எழுதினார். அந்தத் தகப்பனின் பிள்ளைக்கு 1825இல் பத்து அறிவுரைகளை வரிசையாக எழுதி அனுப்பினார். கடிதம் போனபோது படிக்கும் வயதுகூட அந்தப் பிள்ளைக்கு வரவில்லை.

இவ்வளவையும் எழுதிய கையைப் பற்றிச் சொல்லவேண்டும். 1786இல் பாரிஸில் வலது மணிக்கட்டு பிசகியது, சரியாகக் கூடவேயில்லை. முதுமையில் விறைத்துப்போய் எழுதவே வலித்தது. 1822இல் இடது கையும் முறிந்தது. பாலிகிராஃப் என்ற பொறி ஒன்று மேசையில் இருந்தது: ஒரு பேனாவைப் பிடித்து எழுதினால், சட்டங்களால் அதோடு பிணைந்த இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் அதே வரியை எழுதும். பிரதி தானாக வரும், ஆனால் வலிக்கிற கை ஒன்றுதான். வந்த கடிதம் ஒவ்வொன்றின் மேலும் எழுதியவர் பெயர், கிடைத்த நாள். பிறகு 1783 முதல் அவர் வைத்திருந்த பதிவேட்டில் வந்ததும் போனதும் அக்கம்பக்கமாக. 1,267 என்று அவரால் எண்ணிச் சொல்ல முடிந்ததே இந்தப் பதிவேட்டால்தான். ஒரு வரலாற்றாசிரியன் கேட்டு வாங்கினாலும் இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது.

இந்த வழக்கத்தின் நிறைகளில் பெரியது, கேட்டதால் பிறந்த எழுத்து. தாமாக உட்கார்ந்து புத்தகம் எழுதும் சுபாவம் ஜெபர்சனுக்குக் குறைவு. யாராவது கேட்டால்தான் மனம் திறக்கும். வர்ஜீனியாவின் அரசியல் சட்டத்தைத் திருத்தவேண்டும் என்று சாமுவேல் கெர்ச்சிவால் என்பவர் 1816இல் எழுதியதால்தான், சட்டங்களைப் புனிதப் பேழைபோல் பூட்டிவைக்கக்கூடாது, ஒவ்வொரு தலைமுறைக்கும் தன் சட்டத்தைத் தானே திருத்திக்கொள்ளும் உரிமை உண்டு என்ற புகழ்பெற்ற கடிதம் நமக்குக் கிடைத்தது. ஆனால் இதைப் பத்திரிகையில் போட்டுவிடாதீர்கள் என்றும் அதிலேயே கேட்டுக்கொள்கிறார். ஊருக்கெல்லாம் பதில் எழுதுகிறவர், ஊருக்குத் தெரியாமல் பேச விரும்பினார்.

ஆடம்ஸுடனான கடிதப் போக்குவரத்து இன்னொரு வரவு. 1800 தேர்தலில் முறிந்துபோன நட்பை ஒட்டவைக்க பென்ஜமின் ரஷ் என்ற மருத்துவர் மூன்று ஆண்டுகள் பாடுபட்டார். 1812 புத்தாண்டு நாளில் ஆடம்ஸ் முதல் கடிதத்தை எழுதி, கூடவே வீட்டுத் தறியில் நெய்தது இரண்டு துண்டு அனுப்பியிருப்பதாகக் குறும்பாகச் சொன்னார். பொட்டலம் வருமுன்பே ஜெபர்சன் பதில் எழுத உட்கார்ந்துவிட்டார். வர்ஜீனியாவில் வீட்டு நெசவு எப்படி நடக்கிறது என்று விஸ்தாரமாக விளக்கியிருக்கிறார். பிறகு வந்து சேர்ந்தது ஆடம்ஸின் மகன் எழுதிய சொற்பொழிவு நூலின் இரண்டு தொகுதிகள்! எதற்கும் உடனே பதில் என்ற பழக்கத்தின் லட்சணம் இந்த ஒரு சம்பவத்திலேயே தெரிந்துவிடுகிறது. அடுத்த 14 ஆண்டுகளில் ஆடம்ஸ் 109, ஜெபர்சன் 49 எழுதினார்கள். உலகமெல்லாம் எழுதிக் குவித்ததில், உண்மையிலேயே பேசத் தகுந்த மனிதருக்கு மிஞ்சிய நேரம் அவ்வளவுதான்.

அந்த நட்பு மறுபடி துளிர்த்ததில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. 1811இல் ஆடம்ஸைப் பார்க்கப்போன வர்ஜீனிய இளைஞர் எட்வர்ட் கோல்ஸ், ஜெபர்சன் மேல் தமக்கு என்றுமே அன்புதான் என்று கிழவர் சொன்னதைக் காதில் வாங்கி வந்தார். அந்தச் சேதி மான்டிசெல்லோவை எட்டியது. இதே கோல்ஸ்தான், மேடிசனின் செயலாளராக இருந்தபோது, 1814 ஜூலை 31 அன்று ஜெபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களில் இந்த ஒன்றை வைத்து அவரை எடைபோடலாம் என்பேன்.

கேட்டது இதுதான்: அடிமை முறையை ஒழிக்கும் முயற்சிக்கு நீங்கள் தலைமை ஏற்கவேண்டும். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய கைக்கு அது பொருந்தும். தம்மைப் பொறுத்தவரை, தம்மிடம் உள்ள அடிமைகளோடு வர்ஜீனியாவை விட்டே போய்விடத் தீர்மானித்திருப்பதாகவும் சொன்னார். கோல்ஸுக்கு வயது 27.

ஆகஸ்ட் 25 தேதியிட்டுப் பதில் வந்தது. அழகான பதில். அடிமை முறை அநீதி என்பதில் மாற்றமில்லை. ஆனால் இது இளைஞர்களின் வேலை. முதியவனைக் கவசம் கட்டிப் போருக்குப் போகச் சொல்வது டிராய் நகரத்துக் கிழ அரசன் பிரையமுக்கு மகன் ஹெக்டரின் கவசத்தை மாட்டிவிடுவதுபோல. என்னிடமிருந்து பிரார்த்தனை மட்டும் உண்டு. நீயும் ஊரை விட்டுப் போகாதே. உவமை உண்டு, பரிவு உண்டு, தேதி உண்டு, பிரதி உண்டு. பதிவேட்டில் வரவுக்கு நேரே பற்று எழுதியாயிற்று. அடிமை முறையைத் தொட்டு எழுதியவருக்கும் பெயர்சூட்டிய தகப்பனுக்கும் ஒரே மரியாதை. எல்லாருக்கும் பதில் என்ற வழக்கத்தின் பெரிய குறை எனக்குத் தென்படுவது இங்கேதான். கடன்காரனுக்கு வட்டியை மட்டும் ஒழுங்காகக் கட்டிவருகிறவனுக்கு, அசலைத் தொடவேயில்லை என்பது உறைக்காது.

செப்டம்பரில் கோல்ஸ் மறுபடி எழுதினார். முதுமை ஒரு தடையா, பிராங்க்ளின் தம் கடைசிக் காலத்தில் அடிமை ஒழிப்புக்கு உழைக்கவில்லையா என்று பணிவோடு கேட்டார். ஜெபர்சனுக்கு அப்போது 71. பிறகு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு அவர் சட்ட அங்கீகாரம் வாங்கியபோது 75. வகுப்புகள் தொடங்கியபோது 81. கட்டட வரைபடம்கூட அவர் போட்டதுதான்.

எழுதியவர்களில் கனவான்கள் மட்டும் இல்லை. ஜெபர்சனின் பாப்லர் ஃபாரஸ்ட் பண்ணையின் அடிமைப்பெண் ஹன்னா 1818 நவம்பரில் எழுதிய கடிதம் இருக்கிறது. வீடும் சாமான்களும் பத்திரம், உடம்பு சரியில்லாமல் நீங்கள் வரமுடியாமல் போனதில் வருத்தம், எல்லாம் கடவுள் செயல் என்கிறாள். எஜமானனுக்குக் கடவுளின் கட்டளைக்குக் கீழ்ப்படியும்படி புத்தியும் சொல்லிவிட்டு, தன்னை அறிவில்லாதவள் என்று தாழ்த்திக்கொண்டு முடிக்கிறாள். அடிமைத் தச்சர் ஜான் ஹெம்மிங்ஸும் அங்கிருந்து வேலை விவரம் எழுதிவந்தார்.

1819இல் கோல்ஸ் கிளம்பிவிட்டார். ஒஹையோ ஆற்றில் படகு போய்க்கொண்டிருக்கும்போதே, நீங்கள் இனி சுதந்திரர் என்று தம் அடிமைகளிடம் அறிவித்தார். இல்லினாயில் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வீதம் நிலம் கொடுத்தார். 1822இல் அந்த மாநிலத்தின் ஆளுநரானார். மான்டிசெல்லோவிலோ, ஜெபர்சன் இறந்தபின் அவர் உயிலின்படி விடுதலை பெற்றவர்கள் ஐந்து பேர். ஹெம்மிங்ஸ் அதில் ஒருவர். கொல்லர் ஜோ ஃபாசெட்டும் ஒருவர். 1827 ஜனவரியில் 130 பேரை விற்பதாக ஏல விளம்பரம் வந்தது. ஃபாசெட்டின் மனைவியும் பிள்ளைகளும் அந்த ஏலத்தில் விலைபோனார்கள்.