கேட்டுக்கொண்டிருந்தவர்

பேட்ரிக் மகீயைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவர் குரலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நானும் பேசியிருக்கிறேன், பத்து வருஷத்துக்கு முன் எழுதியும் இருக்கிறேன். பெக்கெட்டுக்கு அகப்பட்ட குரல், பிறகு திகில் படங்களுக்கு வாடகைக்குப் போய்விட்டது என்று ஒரு தீர்ப்பு. இரண்டு பாதியும் தவறு என்று இப்போது படுகிறது.

1922ல் வட அயர்லாந்தின் ஆர்மாவில் பிறந்தவர். சிற்றூர்களுக்கு ஷேக்ஸ்பியரைக் கொண்டுபோன ஆன்யூ மக்மாஸ்டர் கம்பெனியில் தொழில் கற்றார். (பின்ட்டரும் அதே கம்பெனியில் நடிகராக இருந்தவர்தான்.) 1957 டிசம்பரில் பிபிசி வானொலியில் மகீ பெக்கெட்டின் உரைநடையை வாசித்தார். பெக்கெட் கேட்டார். சில மாதங்களுக்குள் அவர் எழுத ஆரம்பித்த நாடகத்தின் கையெழுத்துப் பிரதியில் 'மகீ தனிமொழி' என்றுதான் தலைப்பு இருந்தது. 'க்ராப்பின் கடைசி டேப்' அது. 1958 அக்டோபரில் லண்டன் ராயல் கோர்ட்டில் மகீயே நடித்தார். ஆசிரியன் பாத்திரத்தை உண்டாக்கி நடிகன் கையில் கொடுப்பது என்ற வரிசை இங்கே தலைகீழாகிவிட்டது.

ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. நாடகத்தைப் புத்தகத்திலேயே முடித்துவிடுவான். கல்லூரியில் நான் க்ராப்பை அப்படித்தான் முடித்தேன். 1972ல் பிபிசி தொலைக்காட்சிக்காக மகீ செய்த க்ராப்பைப் பார்த்த பிறகே, மேடையில் உட்கார்ந்திருப்பவன் நாடகத்தின் பெரும்பகுதியில் பேசவேயில்லை என்பது உறைத்தது. அறுபத்தொன்பது வயதுக் கிழவன், முப்பத்தொன்பதாவது வயதில் தான் பதிந்துவைத்ததைக் கேட்கிறான். லெட்ஜரைப் பார்த்துப் பெட்டி எண், சுருள் எண் தேடுகிறான். எங்கள் கிளையில் ரெகார்டு ரூமுக்குப் போய் ஏதோ ஒரு பழைய பதிவைத் தேடச் சொல்லி என்னை அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தூசியை மூச்சில் வாங்கியவனுக்கு இந்த லெட்ஜரில் குறியீடு ஒன்றும் தேட வேண்டியதில்லை. க்ராப்புக்குக் கிட்டப்பார்வை, காதும் மந்தம் என்று பெக்கெட் குறித்திருக்கிறார். மகீ இயந்திரத்தின் மேல் கவிந்து கேட்கிறார். டேப்பில் பேசுகிற நடுவயதுக்காரனின் மிடுக்கை அந்த முகம் மன்னிக்கவில்லை.

1958ல் மகீக்கு முப்பத்தாறு வயது. கிழவனைக் காட்டிலும் டேப்பில் இருப்பவனுக்குத்தான் பக்கத்தில் இருந்தார். அறுபத்தொன்பதை அவர் தொடவில்லை, 1982 ஆகஸ்டில் அறுபதில் போய்விட்டார். நானும் அந்த டேப்பின் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். என் பழைய கட்டுரையை எடுத்துப் படித்தால் அதே மிடுக்கு கேட்கிறது.

திகில் படங்களுக்கு வருகிறேன். 'டேல்ஸ் ஃப்ரம் த க்ரிப்ட்', இதுவும் 1972. பார்வையற்றோர் விடுதியில் சோற்றையும் கணப்பையும் குறைத்த மேலாளரை, அங்கிருப்பவர்கள் ப்ளேடுகள் பதித்த குறுகிய வழியில் ஓடவிட்டுப் பழிவாங்குகிறார்கள். தலைமை தாங்குகிறவர் மகீ. கதை மலிவான கதைதான், வாதாட வரவில்லை. ஆனால் பிறர் பேசும்போது அவர் தலையை வைத்திருக்கிற விதத்தைப் பாருங்கள். 1964ல் 'எண்ட்கேம்' நாடகத்தில் அவர் ஏற்ற ஹாமும் குருடன், சக்கரம் வைத்த நாற்காலியை விட்டு எழ முடியாதவன். க்ளவ் ஜாக் மக்கவுரன். உடம்பெல்லாம் மக்கவுரனுடையது, அந்தக் காலடிகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேலை மகீயுடையது. ஹாமிடம் கற்றதை அவர் மலிவான படத்திலும் குறைத்துக் கொடுக்கவில்லை. (பீட்டர் ப்ரூக்கின் 1971 'லியர்' படத்தில் மக்கவுரன் கோமாளி. மகீ கார்ன்வால், அதாவது கண்ணைப் பிடுங்குகிறவன்!) ப்ரூக்கிடம் 'மாரா/ஸாத்'தில் ஸாத் ஆக நடித்து 1966ல் டோனி பரிசும் வாங்கினார். பெயர் வந்தது அதனால்தான். எனக்கு அதைவிடச் சின்ன வேஷங்கள் முக்கியம்.

'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்தில் அவர் மிகையாக நடித்தார் என்று ஒரு புகார். உண்மை, கண் செருகி முகம் கோணி அளவு மீறித்தான் போகிறார். ஆனால் குப்ரிக் அவருக்கு என்ன காட்சி கொடுத்தார் என்று கவனிக்க வேண்டும். தன்னை முடமாக்கி, மனைவியைச் சிதைத்தவன் அன்று முகமூடி போட்டிருந்தான். அவனையே இப்போது அடையாளம் தெரியாமல் வீட்டில் சேர்த்துக்கொண்டிருக்கிறார் இந்த எழுத்தாளர். குளியலறையிலிருந்து பாட்டு வருகிறது, அன்று அவன் பாடிய அதே பாட்டு. சக்கர நாற்காலியில் கதவுக்கு வெளியே இருந்து கேட்கிறார். குரலுக்குப் பேர் வாங்கிய நடிகர், ஒரு குரலை அடையாளம் கண்டுகொள்கிறார். அந்த முகம் அப்போது மிகையாகாமல் வேறென்ன ஆகும்?

நம்மூரில் 'குணச்சித்திர நடிகர்' என்கிறோம். கதாநாயகன் பேசும்போது பக்கத்தில் நின்று கேட்பவருக்கு நாம் கொடுத்திருக்கிற பெயர். கேட்பதை யாரும் நடிப்பாக எண்ணுவதில்லை என்பதுதான் வேடிக்கை. பெக்கெட்டுக்குத் தெரிந்திருந்தது. 1976ல் மறுபடியும் ராயல் கோர்ட்டில் 'தட் டைம்'. இருட்டு மேடையில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு முகம் மட்டும், நரைத்த தலைமயிர் விரிந்து கிடக்க. மூன்று பக்கத்திலிருந்து மூன்று குரல்கள் வருகின்றன, மூன்றும் மகீயுடையவை, முன்பே பதிந்தவை. முகம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. குரல்கள் நிற்கிற இடங்களில் மூச்சு கேட்கும், கண் திறக்கும், குரல் தொடங்கியதும் மூடிக்கொள்ளும். கடைசியில் ஒரு புன்னகை. மகீ செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான்.