வெறுங்கலமும் நெய்ச்சோறும்: புறநானூற்றில் தந்தையின் இருப்பு

தந்தையின் கடமை குறித்து எழுதப்புகுவோர் பொன்முடியாரின் பாடலையும் (புறம். 312) வள்ளுவரின் மக்கட்பேறு அதிகாரக் குறளையும் (67) முதற்கண் காட்டுவது வழக்கம். முன்னது மகனைச் சான்றோனாக்குதலையும், பின்னது அவனை அவையில் முந்தியிருக்கச் செய்தலையும் தந்தையின் பொறுப்பாக்குகின்றன. இரண்டும் மகன் வளர்ந்து எய்தும் பயனைக் கொண்டே தந்தையை அளக்கின்றன. அப்பயன் விளையும் வரை தந்தை எங்கிருந்தான் என்னும் வினாவை எழுப்பவில்லை. அவ்வினாவை முன்வைத்து வேறு சில பாடல்களை இவண் நோக்குவோம்.

பெருஞ்சித்திரனார் முதிரமலைத் தலைவன் குமணனைப் பாடிய 160ஆம் பாடலில் ஒரு சிறுவன் வருகிறான். உணவின்மையால் வீட்டையே மறந்து திரிபவன் அவன். தாயின் பாலற்ற மார்பைச் சுவைத்து ஏமாறுகிறான். சோறோ கூழோ இருக்குமென்று கலத்தைத் திறந்து, ஒன்றுமில்லாமை கண்டு அழுகிறான். தாய் புலியைச் சொல்லி அச்சுறுத்துகிறாள், நிலவைக் காட்டுகிறாள், இறுதியில், தந்தையை நினைத்து நீ சினங்கொள்ளும் முகத்தைக் காட்டு என்கிறாள்.

இப்பாடலை வறுமையின் ஓவியமாகவே பலரும் போற்றுவர். அது பிழையன்று, ஆயினும் முழுமையன்று. அழுகை அடங்காத நிலையில் தாய் நினைவூட்டுவது வீட்டிலில்லாத தந்தையை. அப்போது மகனிடம் அவள் எதிர்பார்ப்பது அன்பையன்று, சினத்தை. அச்சினத்தைப் பாடுபவனும் அத்தந்தையே என்பது நோக்கத்தக்கது. பொருள் தேடிப் பிரிந்தவன் தன்மீதான குற்றச்சாட்டைத் தானே எடுத்துரைக்கிறான். அதனாலேயே பரிசில் தந்து தன்னை விரைவில் அனுப்புமாறு வேண்டுகிறான். பொருளோடு காலத்தையும் அவன் இரக்கிறான் என நாம் கொள்கிறோம்.

பரிசிலோடு மீண்டவன் மனைவியிடம் பேசுவது 163ஆம் பாடல். குமணன் நல்கிய வளத்தை உறவினர், கடன் தந்தோர் என எல்லார்க்கும் கொடு என்கிறான். ஆனால் அச்சிறுவன் அங்கே குறிக்கப்படவில்லை. கொடைச் சிறப்பே அப்பாடலின் நோக்கமாதலின் இதனைக் குறையெனக் கூறுதல் பொருந்தாது எனலாம். எனினும், பொருள் வந்து சேர்ந்ததனாலேயே மகனின் சினம் தணிந்ததா என்னும் ஐயம் கற்போர் உள்ளத்தில் எஞ்சவே செய்கிறது.

அதற்கு விடைபோல் அமைவது பாண்டியன் அறிவுடை நம்பியின் பாடல் (188). குறுகுறு நடந்து வந்து, சிறுகை நீட்டி, நெய்ச்சோற்றைத் துழாவி மேலெல்லாம் சிந்தும் மக்கள் இல்லாதார்க்கு வாழ்நாளில் பயனில்லை என்கிறான் அவ்வரசன். இரு பாடல்களிலும் குழந்தை கலத்தை நாடுகிறது. ஒன்றில் கலம் வெறுமையானது, தந்தை தொலைவில் உள்ளான்; மற்றொன்றில் கலம் நிறைந்தது, அருகிருந்து கண்டவனின் நுணுக்கம் அதில் புலப்படுகிறது. சோறும் அருகிருப்பும் சேர்ந்தே தந்தைமை ஆகின்றன.

வேலைநிமித்தம் குடும்பத்தைப் பிரிந்து வாழும் தந்தையரை எளிதில் பழிக்கும் நம் காலத்திற்கும் இது பொருந்தும். விரைவில் விடுக்க வேண்டும் என்னும் பெருஞ்சித்திரனாரின் குரல், தந்தையின் இருப்பு அவனது விருப்பத்தை மட்டும் சார்ந்ததன்று என்பதை உணர்த்துகிறது. மலேசியாவில் 2023 முதல் வேலைவாய்ப்புச் சட்டம் தந்தையர்க்கு 7 நாள் விடுப்பு வழங்குகிறது. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் அது 4 வாரம். இவை தொடக்கமே. குமணன் கொடுத்தான்; வீடு திரும்பியபின் மகனருகே அமர வேண்டியவன் தந்தையே.