கெட்டிக்காரப் பிள்ளைக்கு மட்டுமா கதை?

பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட தமிழ்க் கதைகளுள், ஆசிரியர்களைத் தலைகுனிய வைத்த கதை இரா. நடராசனின் ‘ஆயிஷா’. கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் மாணவி, அடி வலிக்காதிருக்கத் தன்னுடம்பில் மருந்தேற்றிக்கொண்டு இறந்துபோகிறாள். வாசித்தவர்கள், “எப்பேர்ப்பட்ட விஞ்ஞானியை இழந்துவிட்டோம்” என்று கலங்குவார்கள். ஆனால், ஆயிஷா படிப்பில் மந்தமான பிள்ளையாக இருந்திருந்தால் அந்த அடி நியாயமாகிவிடுமா? இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே, அஸ்பேர்கர் எனப்பட்ட நிலையும் அதையொட்டிய ஓட்டிசமும் உள்ள பிள்ளைகளைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த மூன்று நாவல்களை இங்கு நோக்குகிறேன்.

இப்பிள்ளைகள் பேசுவார்கள், படிப்பார்கள். ஆனால் பிறர் முகக்குறிப்பை விளங்கிக்கொள்ளச் சிரமப்படுவார்கள். சொன்னதைச் சொன்னபடியே பொருள்கொள்வார்கள். இரைச்சலும் நேரசூசி மாற்றமும் பலரைக் கலங்கடித்துவிடும். நம் வகுப்பறைகளில் இவர்களுக்குக் கிடைக்கும் பட்டம் ‘திமிர் பிடித்தவன்’ என்பதே. வன்னியிலோ 2009க்குப் பின் இன்னொரு விளக்கமும் சேர்ந்துகொண்டது: ‘சண்டைக்குள்ள பயந்த பிள்ளை’. பலருக்கு அது உண்மைதான். ஆயினும், எல்லாவற்றையும் யுத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டால், பிறவியிலேயே வேறுவிதமாக உலகைக் காணும் பிள்ளை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

முதலாவது, அவுஸ்திரேலிய எழுத்தாளர் கதி ஹூப்மன் 2001இல் வெளியிட்ட ‘புளூ பொட்டில் மிஸ்ற்றரி’. பென் என்னும் சிறுவனும் அவன் நண்பனும் பாடசாலை வளவில் ஒரு பழைய போத்தலைக் கண்டெடுக்கிறார்கள். ஆயிரத்தோர் இரவுகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பழைய போத்தலைத் திறந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மர்மத்தோடு சேர்த்தே, பென்னின் நிலைக்கு அஸ்பேர்கர் என்ற பெயர் கிடைப்பதும் சொல்லப்படுகிறது. சிறுவர் விரும்பும் சாகசத்துக்குள் இவ்விடயத்தைப் பொதிந்தமை நல்ல உத்தி. ஆனால் பெயர் கிடைத்த பின்னர்தான் பிள்ளையை விளங்கிக்கொள்வோம் என்றால், நிபுணரைக் காணாத கிராமத்துப் பிள்ளையின் கதி என்ன?

இரண்டாவது, மார்க் ஹடனின் ‘த கியூரியஸ் இன்சிடென்ற் ஒஃப் த டோக் இன் த நைற்-ரைம்’ (2003). பதினைந்து வயதுக் கிறிஸ்தோபர் தானே கதை சொல்கிறான். அவனுக்கு உருவகம் என்பது பொய். ‘கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள்’ என்று மரபுத்தொடர் படிப்பிக்கும்போது, ‘எரியாதா சேர்?’ என்று சிரிக்காமல் கேட்கும் பிள்ளையை அறிந்த ஆசிரியர்களுக்கு இவன் அந்நியனல்லன். கதைக்குள் அஸ்பேர்கர் என்ற சொல்லே வருவதில்லை. அது வெளியீட்டாளர் அட்டையில் இட்ட சொல். நோயின் பெயர் சொல்லாமலே ஒரு மனதை நம்மை வசிக்க வைத்ததே ஹடனின் வெற்றி. ஆயினும் அவன் கணித வல்லவன். 7,057 வரையுள்ள முதன்மை எண்களெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவனது பாடசாலையில் அதுவரை எவரும் தோற்றாத உயர்தரக் கணிதப் பரீட்சையில் அதிசிறப்புச் சித்தி பெறுகிறான். நாம் அவனை ஏற்றுக்கொள்வதில் அந்தச் சித்திக்கும் பங்குண்டு.

மூன்றாவது, எல் மக்நிக்கோலின் ‘எ கைன்ட் ஒஃப் ஸ்பார்க்’ (2020). எழுதியவரும் ஓட்டிசம் உள்ளவர். பதினொரு வயது அடியின் எழுத்துவேலையை வகுப்பின் முன்னால் ஆசிரியை கிழித்தெறிகிறாள். இங்கே பிழை பிள்ளையிடம் இல்லை, ஆசிரியையிடமே உள்ளது என்பதில் நூலுக்குத் தயக்கமில்லை. சூனியக்காரிகள் என்று தன் ஊரில் கொல்லப்பட்ட பெண்களுக்கு நினைவுச் சின்னம் வேண்டி அடி போராடுகிறாள். வேறுபட்டவர்களை ஊர் முன்பும் இப்படித்தான் நடத்தியது என்று அவள் கண்டுகொள்வது நூலின் சிகரம். மூன்றில் சிறந்தது இதுவே. இருந்தும் இவளும் பெரியதொன்றைச் சாதித்துக் காட்டவே வேண்டியிருக்கிறது.

இந்தச் ‘சாதனை’ நிபந்தனையை நான் ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன்? அஸ்பேர்கர் என்ற பெயரின் வரலாறே அதற்கு விடை. வியன்னா வைத்தியர் ஹான்ஸ் அஸ்பேர்கர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி 1944இல் எழுதினார். 1981இல் லோர்னா விங் அவர் பெயரைப் பரவச் செய்தார். 2013இல் அமெரிக்க உளமருத்துவக் கையேடு அப்பெயரைக் கைவிட்டு, எல்லாவற்றையும் ஓட்டிசத்துள் அடக்கியது. 2018இல் வரலாற்றாய்வாளர் ஹேர்விக் செக் பழைய ஆவணங்களை வெளிக்கொணர்ந்தார். சில பிள்ளைகளின் தனித்திறமையை மெச்சி அவர்களால் பயனுண்டு என்று வாதிட்ட அதே அஸ்பேர்கர், வேறு பிள்ளைகளை ‘அம் ஸ்பீகல்குருண்ட்’ என்னும் நிலையத்துக்கு அனுப்பியிருந்தார். நாசி ஆட்சியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மாண்ட இடம் அது. பிள்ளையைப் பயன்கொண்டு நிறுத்தால் தராசின் மறுதட்டில் என்ன இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நாமும் ஒரு தராசை வைத்திருக்கிறோம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்தவுடன் சித்தியடைந்த பிள்ளைக்கு மாலை போடுகிறோம். பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளையின் பெயரையும் மறந்துவிடுகிறோம். நமது சிறுவர் கதைகளும் அந்த மாலையையே திரும்பத் திரும்பக் கட்டக்கூடாது. தமிழகத்தில் யெஸ். பாலபாரதி ‘துலக்கம்’ நாவலில் ஓட்டிசமுள்ள சிறுவனைப் பாத்திரமாக்கி வழி திறந்துவிட்டார். நம் எழுத்தாளர் அவ்வழியில் வகுப்பறைக்குள் வரவேண்டும்.

அங்கே ஒரு பிள்ளை இருக்கிறான். தண்டவாளத் துண்டில் மணி அடித்தால் இரு காதையும் பொத்துவான். கணக்கில் நாற்பது புள்ளிதான் எடுப்பான். எதையும் கண்டுபிடிக்கமாட்டான், எவரையும் காப்பாற்றவுமாட்டான். மணியடிக்கப் போகும் மாணவத் தலைவன் முதலில் அவன் வாங்கருகே வந்து, “இப்ப அடிக்கப் போறன்” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போகிறான். கதை அவ்வளவுதான். அதை எழுதுவதற்கு, கிறிஸ்தோபரை எழுதுவதைவிடக் கூடிய துணிவு வேண்டும்.